மீள்நோக்கும் நகைச்சுவையும்: மொழி வகுப்பைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களில் தேறுதலும் எள்ளலும்

1. முன்னுரை

ஒரு நாளின் பணி முடிந்து வீடு திரும்பியவர், தேநீர்க் கோப்பையுடன் வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, முன்பே பலமுறை பார்த்த நகைச்சுவைத் தொடர் ஒன்றை மீண்டும் பார்ப்பது இன்று பரவலாகக் காணப்படும் பழக்கமாகும். அடுத்து வரும் உரையாடல் அவருக்குத் தெரியும். நடிகர் வாய் திறப்பதற்கு முன்னரே அத்தொடரைத் தாம் சொல்லிவிடுவதும் உண்டு. ஆயினும் அவர் சிரிக்கிறார். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபொழுது தூர்தர்ஷன் தன் பழைய தொடர்களை மறுஒளிபரப்புச் செய்தது. அவற்றுள் இதிகாசத் தொடர்களோடு 'தேக் பாய் தேக்', 'ஸ்ரீமான் ஸ்ரீமதி' போன்ற 1990களின் நகைச்சுவைத் தொடர்களும் இடம்பெற்றன. அச்சமும் தனிமையும் மிகுந்திருந்த அக்காலத்தில் மக்கள் பழைய சிரிப்பை நாடியமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வகைச் சிறு தேறுதல்களை உளவியலும் ஊடகவியலும் ஆராய்ந்துள்ளன. மொழியியல் நோக்கிலும் இவற்றில் கருதத்தக்கன உள. மீண்டும் பார்க்கும்பொழுது மகிழ்வூட்டுவது எந்த மொழிக்கூறு? அக்கூறு வேறொரு மொழிக்கு எவ்வாறு செல்லும்? ஒருவருக்குத் தேறுதல் தரும் அதே கூறு மற்றொருவரைப் புண்படுத்துவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடைகாண, மொழி வகுப்பையே களமாகக் கொண்ட இரு தொடர்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ஒன்று பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1977 முதல் 1979 வரை வெளிவந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்'. மற்றொன்று அதனைத் தழுவி 1993-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஜபான் சம்பால்கே'. ஒப்பீட்டிற்காக வேறு இரு பிரித்தானியத் தொடர்களும் சுட்டப்பெறும்.

2. தெரிந்த நகை ஏன் இனிக்கிறது?

நகைச்சுவையைப் பற்றிய மொழியியல் கோட்பாடுகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது விக்டர் ராஸ்கின் 1985-இல் முன்வைத்த பொருண்மையியல் கோட்பாடாகும். ஒரு பனுவல் ஒன்றோடொன்று முரணும் இரு பொருட்சூழல்களுக்கு ஒருசேர இடமளிக்கும்பொழுது, கேட்பவர் முதற்சூழலிலிருந்து இரண்டாவதற்குத் திடீரெனத் தாவ நேரிடுகிறது. அங்கே நகை பிறக்கிறது என்பது அதன் சாரம். இக்கோட்பாடு தனிச் சிரிப்புத் துணுக்குகளுக்கு நன்கு பொருந்துகிறது. ஆனால் தாவல் எங்கே நிகழும் என்று முன்பே அறிந்தவருக்கு வியப்பு இல்லை. அவர் சிரிப்பதற்கு வேறு காரணம் வேண்டும்.

ராஸ்கினுடன் இணைந்து 1991-இல் இக்கோட்பாட்டை விரிவுபடுத்திய சால்வதோரே அட்டார்டோ, 2001-இல் நீண்ட பனுவல்களை ஆராய்ந்தபொழுது இதற்கு உதவும் கருத்தொன்றை அளித்தார். நெடும்பனுவலில் நகைக்கூறுகள் இறுதியில் மட்டும் நில்லாமல் இடையிடையே வருகின்றன; அவற்றுள் ஒத்தவை மீண்டும் மீண்டும் தோன்றி ஓர் இழையாகப் பின்னப்படுகின்றன என்றார் அவர். தொலைக்காட்சித் தொடரின் வாடிக்கைத் தொடர்கள் இத்தகைய இழைகளே. ஒரு பாத்திரம் வாரந்தோறும் ஒரே தொடரைச் சொல்வது தன்னளவில் பெரிய நகையன்று. அது வந்தே தீரும் என்னும் எதிர்பார்ப்பும் அது வந்து சேர்வதுமே நகையாகின்றன.

இங்கு மாலினோவ்ஸ்கி 1923-இல் எடுத்துக்காட்டிய உறவுப் பேச்சு நினைவிற்கு வரும். 'சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பவர் பெரும்பாலும் உணவு பற்றிய செய்தியை நாடிக் கேட்பதில்லை. அவர் உறவைப் புதுப்பிக்கிறார். வாடிக்கைத் தொடரும் அவ்வாறே செய்திப்பயன் தேய்ந்து உறவுப்பயன் மிகுந்த கூற்றாகும். ஜேய் டெரிக் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, விருப்பமான தொடர்கள் பார்வையாளருக்குத் தாம் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்னும் உணர்வைத் தருவதாகக் கூறியது. நன்கு பழகிய கற்பனை உலகிற்குத் திரும்புவது சோர்ந்த மனத்திற்கு ஆற்றலை மீட்டளிக்கிறது என அவரே 2013-இல் எழுதினார். அத்தொடர்கள் வீட்டுப் பேச்சிற்குள்ளும் புகுந்துவிடுகின்றன. குடும்பத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் குறுவழக்காக அவை நிலைபெறுவதை எந்த வீட்டிலும் காணலாம். எனவே மீள்நோக்கில் இனிப்பது மாறாமல் திரும்பும் தொடரே எனக் கொள்ளலாம்.

3. கற்காத மாணவர்

மாறாமை என்னும் இப்பண்பு, மொழி வகுப்புத் தொடர்களில் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. வகுப்பு என்பது மாற்றத்திற்கான இடம். நேற்று தவறாகச் சொன்னதை இன்று சரியாகச் சொல்ல வேண்டும். தொடரின் அமைப்போ இதற்கு எதிரானது. மாணவர் ஆங்கிலம் கற்றுவிட்டால் அவருடைய வாடிக்கைப் பிழை மறையும். பிழை மறைந்தால் பாத்திரமும் மறையும். ஆகவே ஒவ்வொரு வாரமும் வகுப்பு முதற்பாடத்திலேயே நிற்கிறது.

மொழிகற்றல் ஆய்வில் இதற்கு நிகரான கருத்து உண்டு. தாய்மொழிக்கும் இலக்குமொழிக்கும் இடையே கற்பவர் தாமே அமைத்துக்கொள்ளும் ஒழுங்குடைய வடிவத்தை லாரி செலிங்கர் 1972-இல் இடைமொழி என்றார். அவ்விடைமொழியில் சில கூறுகள் எவ்வளவு பயிற்சிக்குப் பின்னும் மாறாமல் உறைந்துவிடுவதையும் அவர் சுட்டினார். உண்மைக் கற்போரிடம் உறைவு சில கூறுகளில் மட்டும் நிகழ்கிறது. பிற கூறுகள் வளர்ந்துகொண்டே செல்கின்றன. தொலைக்காட்சி மாணவரிடமோ உறைவு முழுமையானது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுகிறது. பேதைமை என்பது கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல்; மடன் என்பது பிறர் கற்பித்ததைக் கொண்டு, கொண்டதை விடாது நிற்றல் என்பது உரைமரபு. மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு விழிக்கும் மாணவர் பேதைமைக்குச் சான்றாவார். வாரந்தோறும் அதே வடிவத்தைப் பற்றி நிற்பவர் மடனுக்குச் சான்றாவார். வளர்ந்தவர்கள் சிறுவரைப்போல் பெஞ்சில் அமர்ந்து ஆசிரியரின் பாராட்டிற்கு ஏங்குவது இளமையின்பாற்படும். இம்மூன்றும் யாரையும் தாழ்த்தாமல் நகை விளைக்க வல்லன. எஞ்சிய எள்ளலே ஆராய்தற்குரியது.

4. ஒலிப்பும் வேடமும்

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை எழுதியவர் வின்ஸ் பவல். லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி மூன்று பருவங்களாக 29 பகுதிகளைத் தயாரித்தது. பேரி எவன்ஸ் நடித்த ஜெரெமி பிரவுன் என்னும் ஆசிரியர், பல நாடுகளிலிருந்து இங்கிலாந்திற்கு வந்தவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கிறார். இனங்களைப் பற்றிய வார்ப்புகள் புண்படுத்துவன என்று கருதிய நிர்வாகி மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார். 1986-இல் வேறு தயாரிப்பாக மேலும் 13 பகுதிகள் வெளிவந்தன.

இத்தொடரில் நடித்தவர்களின் பின்னணி மொழியியலாளர்க்கு ஒரு செய்தியைத் தருகிறது. பஞ்சாபிச் சீக்கியரான ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். ஸ்பானியராக நடித்த ரிக்கார்டோ மான்டெஸ் ஜிப்ரால்டரைச் சேர்ந்தவர். கிரேக்கராக நடித்த கெவோர்க் மாலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். சீனப் பெண்ணாக நடித்த பிக்-சென் லிம் மலேசியாவின் பினாங்கில் பிறந்தவர். ஆகவே திரையில் ஒலித்தவை பெரிதும் ஆங்கிலேயப் பார்வையாளர் அவ்வம்மொழியினர் இவ்வாறு பேசுவர் என்று எதிர்பார்த்த ஒலிப்புகளே. ஒப்பனை, தலைப்பாகை போன்று ஒலிப்பும் வேடத்தின் பகுதியாயிற்று.

ஒரு காட்டு இதனை விளக்கும். ஜப்பானிய மாணவர் டாரோ ஏறத்தாழ எல்லாச் சொற்களின் ஈற்றிலும் ஓகாரத்தைச் சேர்த்துப் பேசுகிறார். ஜப்பானிய மொழியில் மூக்கொலி நீங்கலான மெய்கள் சொல்லீற்றில் நில்லா. ஆகவே ஆங்கிலச் சொற்களைக் கடன்பெறும்பொழுது ஈற்றில் உயிர் சேர்வது உண்மையே. ஆனால் அவ்வுயிர் பெரும்பாலும் உகரத்தை ஒத்தது. ட், ட³ போன்ற பல்லின ஒலிகளின் பின்னரே ஒகரம் வரும். வேறு சில ஒலிகளின் பின் இகரம் வரும். நுட்பமான ஒலியனியல் விதியொன்று திரையில் ஒரே உயிராகச் சுருங்கிவிட்டது. தமிழரும் 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்றும் 'பேட்' என்பதைப் 'பேட்டு' என்றும் வழங்குவர். அதற்கும் தமிழின் சொல்லீற்று ஒழுங்கே காரணம். தமிழர் ஒருவரை அவ்வகுப்பில் அமர்த்தியிருந்தால் அவர் ஒவ்வொரு சொல்லிலும் உகரம் இழுப்பவராக ஆக்கப்பட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று.

இவ்விடத்தில் வாடிக்கைத் தொடர்களை இருவகையாகப் பிரித்தல் பயன்தரும். ஒரு பாத்திரத்தின் தனிக்குணத்திலிருந்து பிறப்பவற்றை ஆள்வழித் தொடர்கள் என்றும், பாத்திரம் சார்ந்த இனம் அல்லது மொழிக்குழுவின் அடையாளமாக ஒட்டப்பட்டவற்றை இனவழித் தொடர்கள் என்றும் கொள்ளலாம். இவற்றை வேறுபடுத்த மொழியியலார் நன்கறிந்த மாற்றீட்டுச் சோதனையே போதும். ஒரு தொடரை, அதே மொழியைப் பேசும் முற்றிலும் வேறு குணமுடைய மற்றொரு பாத்திரத்தின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே சிரிப்பை எழுப்பினால் அது இனவழித் தொடர். பொருந்தாமற் போனால் ஆள்வழித் தொடர். டாரோவின் ஓகாரம் எந்த ஜப்பானியப் பாத்திரத்திற்கும் அப்படியே பொருந்திவிடும். நேர்மாறாக, ஸ்பானிய மாணவர் எதையும் புரிந்துகொள்ளாமலே எல்லாம் சரி என்று முகமலர்ந்து விடையளிப்பது அவருடைய களங்கமற்ற தன்னம்பிக்கையைச் சார்ந்தது. அஞ்சிய இயல்புடைய வேறொரு ஸ்பானியருக்கு அது பொருந்தாது.

காலம் செல்லச் செல்ல இவ்விருவகையின் போக்கும் வேறுபடுகிறது. ஆள்வழித் தொடர் பழக்கத்தால் உறவுப் பேச்சாகக் கனிகிறது. இனவழித் தொடரோ, அவ்வினத்தார் பார்வையாளர் வரிசையில் இடம்பெறத் தொடங்கியவுடன் கசக்கத் தொடங்குகிறது. பழைய தொடரொன்றை மீண்டும் பார்ப்பவர் சில இடங்களில் மனம்விட்டுச் சிரித்து, சில இடங்களில் அருகிலிருப்பவர் முகத்தைப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

5. இலண்டன் வகுப்பு இந்தி வகுப்பானபோது

'ஜபான் சம்பால்கே' என்னும் தலைப்பு 'நாவைக் காத்துப் பேசு' என்னும் பொருளது. மூலத் தலைப்பும் மொழியைப் பற்றிய எச்சரிக்கையாதலின் இது பொருத்தமான பெயர்ப்பாகும். ராஜீவ் மேஹ்ரா இயக்கிய இத்தொடரில் பங்கஜ் கபூர், மோகன் பாரதி என்னும் ஆசிரியராக நடித்தார். பொறியியல் படித்து அதற்கேற்ற வேலை கிடைக்காமல் மொழி நிறுவனம் ஒன்றில் இந்தி கற்பிக்க வந்தவர் அவர். இம்மாற்றம் சிறிதெனினும் முதன்மையானது. மூலத்தில் ஆசிரியர் தம் இடத்தில் உறுதியாக நிற்பவர், மாணவர்களே இடம்பெயர்ந்தவர்கள். தழுவலில் ஆசிரியரும் தாம் எண்ணாத இடத்தில் வந்து நிற்பவர். ஏமாற்றத்தில் இரு தரப்பினருக்கும் பங்கு உண்டு.

மாணவர் வரிசையில் வெளிநாட்டவரோடு இந்தியாவின் பல மொழியினரும் இடம்பெற்றனர். மராத்தியரான விட்டல் பாபுராவ் போட்டேயாக நடித்த விஜு கோட்டே மராத்திக் கலைக்குடும்பத்தவர். நிறுவனத் தலைவியாக நடித்த சுபா கோட்டே அவருடைய தமக்கையார். ஆங்கில எழுத்தாளராக நடித்த டாம் ஆல்டர் முசோரியில் பிறந்தவர். திருத்தமான இந்தி, உருதுப் பேச்சிற்காகப் போற்றப்பட்டவர். அத்தகையவர் இந்தி கற்கத் தடுமாறும் ஆங்கிலேயராக நடித்தபொழுது, அவருடைய திறமையை அறிந்த பார்வையாளர்க்கு நகையின் மேல் மற்றொரு நகை கிடைத்தது.

தழுவியவர்கள் எதிர்கொண்ட மொழியியல் சிக்கலும் கருதத்தக்கது. ஆங்கிலம் கற்போர் இடறுமிடங்களும் இந்தி கற்போர் இடறுமிடங்களும் ஒன்றல்ல. ஆங்கிலத்தில் சுட்டிடைச்சொற்கள், ஒலிப்பொத்த சொற்கள், முன்னிடைச்சொல்லோடு சேர்ந்து பொருள்மாறும் வினைகள் ஆகியவை கற்போரைத் தடுமாறச் செய்கின்றன. இந்தியிலோ உயிரற்ற பொருள்களுக்கும் உரிய இலக்கணப் பால், அதற்கேற்ப மாறும் வினைமுற்று, முன்னிலையில் மூவகை மரியாதை, மூச்சொலி சேர்ந்த வல்லொலிகள் ஆகியன இடர்தருகின்றன. பெயர்களுக்கு இலக்கணப் பால் இல்லாத வங்காளத்தைப் பேசுவோரும், மூச்சொலி வேறுபாடில்லாத தமிழைப் பேசுவோரும் இடறுமிடங்கள் வெவ்வேறு. ஆகவே மூலத்தின் சிரிப்புத் துணுக்குகளை ஒவ்வொன்றாக இந்திக்குக் கொண்டுசெல்ல இயலாது. பெயர்க்கத்தக்கது பிழைகளின் ஒழுங்கமைப்பாகும்.

இத்தழுவலிலும் எள்ளல் முற்றிலும் நீங்கிவிட்டது என்று கூறல் இயலாது. ஒரு மொழியை மையத்தில் வைத்து ஏனையோரைப் பிழைசெய்வோராகக் காட்டும் வகுப்பு, நாட்டின் மொழியுறவுகளையும் உடன் கொண்டுவருகிறது. ஆயினும் அங்கே சிரிக்கப்பட்டவரும் அதே ஒளிபரப்பின் பார்வையாளரே என்பதால், சிரிப்பு ஒரு திசையில் மட்டும் செல்லவில்லை எனலாம்.

6. மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள வழிகள்

ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதி, பிபிசி 1975-இலும் 1979-இலும் மொத்தம் 12 பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில், பார்சிலோனாவிலிருந்து வந்த மானுவேல் என்னும் உணவுப் பணியாளர் ஆங்கிலம் புரியாமல் அல்லற்படுவார். அத்தொடர் ஸ்பெயினுக்குச் சென்றபொழுது அவர் பாவ்லோ என்னும் இத்தாலியரானார். கட்டலான் மொழிப் பெயர்ப்பில் அவர் மெக்சிகோ நாட்டவரானார். இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. நாட்டை மாற்றிய பின்னரும் பாத்திரம் நிலைத்தமையால், மானுவேலின் நகை பெரிதும் அவருடைய அச்சத்திலும் ஆர்வத்திலும் வேரூன்றியது என்பது ஒன்று. ஒவ்வொரு மொழியினரும் அவ்விடத்தில் தம்மவரை வைக்காமல் பிறரையே வைத்தனர் என்பது மற்றொன்று.

1982 முதல் 1992 வரை வெளிவந்த 'அலோ அலோ' தொடரில் வேறொரு வழி காணப்படுகிறது. பிரெஞ்சுக் காவலராக வேடமிட்ட ஆங்கில ஒற்றர் ஒருவர் தமக்குப் பிரெஞ்சு நன்கு வரும் என்று நம்புகிறார். அவருடைய தவறான பிரெஞ்சு, உயிரொலிகள் பிறழ்ந்த ஆங்கிலமாகக் காட்டப்படுகிறது. அவர் சொல்லும் காலை வணக்கத்தில் காலை என்பதற்கான சொல், உயிர் மாறி, முனகல் என்று பொருள்படும் சொல்லாகிவிடும். இதனைத் தமிழில் தருவோர் 'கொலை வணக்கம்' என்று தரலாம். முனகல் போய்க் கொலை வந்தது பொருளளவில் இழப்பன்று. ஓர் உயிர் பிறழ்ந்து பொருளுள்ள வேறொரு சொல் கிடைக்கவேண்டும், அதனைச் சொல்பவர் சிறிதும் அறியாதிருக்க வேண்டும் என்பவையே இங்குக் காக்கப்படவேண்டியவை. மேலும், ஒருமுறை 'கொலை வணக்கம்' என்று தந்தவர் தொடர் முடியும்வரை அதனை மாற்றலாகாது. ஒவ்வொரு முறையும் புதியதொரு சொல்விளையாட்டைத் தேடுவது திறமையாகத் தோன்றலாம். ஆனால் இழை அறுந்துவிடும். திரையடி வாசகத்திற்குப் பெரும்பாலும் இரண்டு வரிகளே இடம். அவையும் ஏறத்தாழ 6 நொடிகளே நிற்கும். அவ்விடத்தில் மாறாத குறுந்தொடர் வாசிப்போரின் சுமையையும் குறைக்கும்.

தமிழ் கற்போர் வகுப்பொன்றைத் தொடராக்கக் கருதுவோர்க்கும் இவ்வேறுபாடு பயன்படும். தமிழில் கற்போர் இடறும் முதன்மையான இடம் எழுத்து வழக்கிற்கும் பேச்சு வழக்கிற்கும் உள்ள இடைவெளியாகும். நூலில் மட்டும் தமிழ் கற்றவர் காய்கறிக் கடையில் 'இத்தக்காளியின் விலை யாது?' என்று வினவினால் கடைக்காரர் திகைப்பார். அங்கே சிரிப்பிற்கு ஆளாவது கற்றவர் மட்டுமல்லர். ஒன்றைக் கற்பித்து மற்றொன்றைப் பேசும் தமிழ்ச் சமூகமும் ஆகும். திணைப் பிழையும் இவ்வாறே நுட்பமானது. இந்தி பேசுவோர் 'அக்கா வந்துச்சு' என்று கூறினால் நகரத்தார் சிலர் நகைப்பர். ஆனால் தமிழகத்தின் பல வட்டாரங்களில் மூத்த பெண்களை அன்போடு அவ்வாறு சுட்டுவது இயல்பான வழக்காகும். பிழை என்று நகைக்கப்படுவது, யாருடைய தமிழ் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இன்று தமிழ்நாட்டின் கட்டடப் பணிகளிலும் உணவகங்களிலும் தொழிற்கூடங்களிலும் ஒடியா, வங்காளம், இந்தி முதலிய மொழிகளைப் பேசுவோர் பலர் தமிழைக் கேட்டே கற்று வருகின்றனர். முதற்பாடத்தைக் கடக்க ஒவ்வொரு நாளும் முயலும் அவர்களை, என்றும் முதற்பாடத்திலேயே நிற்பவராகத் திரையில் காட்டினால், அம்முயற்சி பொய்யாக்கப்படும். உணவகத்தில் தட்டை எடுத்து வைப்பவரும் அங்குள்ள தொலைக்காட்சியைப் பார்க்கிறார் என்பதை எழுதுவோரும் பெயர்ப்போரும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பழைய நகைச்சுவைத் தொடர்கள் தரும் தேறுதல் பெரும்பாலும் மாறாமல் திரும்பும் வாடிக்கைத் தொடர்களால் விளைவது என்பது புலனாகிறது. அத்தொடர்கள் செய்திப்பயன் இழந்து உறவுப்பயன் பெற்றவை. மொழி வகுப்பைக் களமாகக் கொண்ட தொடர்களில் இம்மாறாமை, கற்போரின் வளர்ச்சியை மறுத்தே பெறப்படுகிறது. எனவே பார்ப்பவரின் தேறுதலும் கற்பவரின் மதிப்பும் ஒன்றையொன்று எதிர்க்கும் நிலை ஏற்படுகிறது.

இந்நிலையைத் தீர்க்கப் பழைய தொடர்களை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் முதலில் வாடிக்கைத் தொடர்களைப் பட்டியலிட்டு, மாற்றீட்டுச் சோதனையால் இருவகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆள்வழித் தொடருக்கு ஒரே பெயர்ப்பை வகுத்து இறுதிவரை காக்கலாம். இனவழித் தொடரில் இனத்தின் அடையாளமான ஒலிப்பை விடுத்து, அவ்விடத்தில் அப்பாத்திரத்தின் குணத்திற்குரிய கூற்றொன்றை அதே இடைவெளிகளில் அமைக்கலாம். இழை அறாது, எள்ளல் குறையும்.

மாலையில் தேநீருடன் அமர்ந்து பழைய தொடரைப் பார்ப்பவர் வேண்டுவது பெரிதன்று. அறிந்த முகம், அறிந்த குரல், வரும் என்று தெரிந்து வரும் ஒரு சொல் ஆகியவையே அவை. அவற்றைத் தருவதற்கு மற்றொருவரின் மொழியைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதை, நாடு மாறியும் நகை மாறாத மானுவேல் போன்ற பாத்திரங்கள் மெய்ப்பிக்கின்றன.